கண்ணிழந்தவர் காட்டிய வழி

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் மலைச்சாலையை நண்பர்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் நாள்தோறும் ஏறி இறங்கும் சாலை அது. பாட்டனார் காலத்தில் பிழைப்புத் தேடி அம்மலைக்குச் சென்ற குடும்பம் எங்களுடையது. என் தந்தையார் ஜீப்பு ஓட்டுகிறார். எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு மாலை, டீசலை மிச்சப்படுத்த எண்ணி, எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை இறக்கத்தில் உருளவிட்டார். ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பாறையில் உராய்ந்து நின்றது. உயிர் பிழைத்தோம். தீய்ந்த பிரேக்கின் நாற்றம் மட்டும் இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை.

மலையேற எரித்த எண்ணெயின் பயன் இறங்கும்போது வெறுஞ்சூடாகப் போகிறதே, அதைப் பிடித்துவைக்க வழியில்லையா? இவ்வினாவே என்னை அறிவியல் மாணவனாக்கியது. விடை தேடியபோது, மாஸ்கோ நகரத்துக் கணிதப் பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கை எதிர்ப்பட்டது.

லெவ் பொந்திரியாகின் 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் எளிய குடும்பத்தில் பிறந்தார். தாயார் தத்தியானா தையல் வேலை செய்தவர். 14-ஆம் வயதில் பிரைமஸ் அடுப்பு வெடித்துச் சிறுவனின் கண்ணொளி பறிபோயிற்று. மகன் மூலையில் முடங்க அத்தாய் விடவில்லை. அவரே மகனுக்குக் கண்ணானார். கணித நூல்களை உரக்கப் படித்துக் காட்டினார். ஆனால் அவர் கணிதம் கற்றவரல்லர். குறிகளின் பெயர் தெரியாது, உருவந்தான் தெரியும். ஆகவே, கணங்களின் சேர்ப்பைக் காட்டும் குறியை வால் மேலே நிற்பதாகவும், வெட்டைக் காட்டும் குறியை வால் கீழே தொங்குவதாகவும் சொல்லிப் படித்தார். பொருளறியாத வாய் சொல்ல, பார்வையற்ற மகன் பொருளுணர்ந்தார். என்னே அத்தாயின் பொறுமை!

1925-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1935-இல் பேராசிரியரானார். வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளை ஆராயும் இடத்தியலில் உலகப் புகழ் பெற்றார். அப்புகழோடு அவர் நின்றுவிடவில்லை. 1950-களில் பொறியியலாரின் வினாக்களுக்குச் செவிசாய்த்தார். ஒரு பொறியைக் கணத்துக்குக் கணம் எவ்வாறு இயக்கினால் நேரமோ எரிபொருளோ மிகக் குறைவாகச் செலவாகும்? போல்தியான்ஸ்கி, கம்கிரெலிட்சே முதலியோருடன் உழைத்து இதற்கு அவர் கண்ட விடையே பெரும விதி. அதை விளக்கும் நூல் 1961-இல் வெளிவந்தது. 1962-இல் லெனின் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில், யூத அறிஞர்களிடம் பாகுபாடு காட்டினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் எழுந்தது. அவர் அதை மறுத்தார். 1988-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் மறைந்தார்.

இவருக்கும் மலைச்சாலைக்கும் என்ன தொடர்பு? 1997-இல் ஜப்பானில் பிரியஸ் என்னும் ஹைப்ரிட் கார் விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மின் மோட்டார் ஒன்று, இரண்டும் அதில் உண்டு. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாகி, வீணாகும் ஆற்றலைப் பாட்டரியில் சேர்க்கிறது. ஆனால் எப்போது பெட்ரோலை எரிப்பது, எப்போது பாட்டரியைச் செலவிடுவது? அங்கேதான் பொந்திரியாகின் துணைநிற்கிறார். அவர் விதியின்படி, பாட்டரியில் உள்ள மின்சாரத்துக்குப் பெட்ரோல் கணக்கில் ஒரு விலை குறிக்கலாம். எரியும் பெட்ரோலையும் செலவாகும் மின்சாரத்தின் விலையையும் கூட்டி, ஒவ்வொரு கணமும் அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாகும் வழியை வண்டியின் கணிப்பொறி தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவ்விலை சாலைக்குச் சாலை மாறும். ஒரு டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 98 லட்சம் ஜூல், அதாவது 2.7 யூனிட் மின்சாரம். காற்றிலும் உராய்விலும் ஒரு பங்கு போகும். எனினும் சாதாரண ஹைப்ரிட் காரின் பாட்டரி ஏறத்தாழ ஒரு யூனிட்தான் கொள்ளும். நிறைந்த பாட்டரியோடு போடிமெட்டை அடைந்தால், இறக்கத்தின் ஆற்றலைச் சேர்க்க இடமிராது. ஆகவே இறக்கத்துக்கு முன்பே மின்சாரத்தின் விலையைத் தாழ்த்தி, தாராளமாகச் செலவிட வேண்டும். வாளையாற்றிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் கணவாய்ச் சாலையில் அத்தகைய பேரிறக்கம் இல்லை. அங்கே தாராளம் தகாது. வரப்போகும் சாலையை அறியாதபோது, பாட்டரி குறையக் குறைய விலையை உயர்த்தியும் நிறைய நிறையத் தாழ்த்தியும் கணிப்பொறி தன்னைத் திருத்திக்கொள்ளலாம்.

சிக்கனம் நல்லதே. ஆனால் முன்னும் பின்னும் எண்ணாத சிக்கனம் உயிரைக் கேட்கும். அன்று வளைவில் நாங்கள் கற்ற பாடம் அது. தந்தையாரின் ஜீப்பு இப்போது எஞ்சின் ஓட, இரண்டாம் கியரில்தான் இறங்குகிறது. வீணாகும் சூட்டைச் சேர்த்துவைக்க அதில் வழியில்லை. கூலியாட்கள் ஏறும் எளிய வண்டிக்கும் அவ்வழி எட்ட வேண்டும் என்பதே என் ஆராய்ச்சியின் நோக்கம்.

நண்பர்களே, எழுத்தறியாத தாய்மாரின் உழைப்பால் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். என் தாயும் ஏலக்காய் பறித்தே என்னைப் படிக்கவைத்தார். தாம் படித்துக் காட்டிய குறிகள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைத் தத்தியானா அறிந்திருக்க மாட்டார். நம் தாய்மாரும் அறியார். அறிந்த நாம் சோம்பியிருக்கலாமா?