மெட்டுகளை வாரிக் கொடுத்த டாமி ஜாரல்

குழந்தைகளே! இசை கற்றுக்கொள்ள என்னவெல்லாம் வேண்டும்? ஒரு பாட்டு வாத்தியார் வேண்டும், புத்தகம் வேண்டும், மாதா மாதம் கட்டணம் செலுத்தப் பணம் வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இவை எதுவுமே இல்லாமல் இசை கற்று, வயதான காலத்தில் அதே முறையில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் டாமி ஜாரல்.

அமெரிக்காவில் வட கரோலினா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே புளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில் உள்ள விவசாயப் பகுதி ரவுண்ட் பீக். 1901ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி டாமி அங்கே பிறந்தார். தந்தை பென் ஜாரல் நிலத்தை உழுது பயிரிட்டவர். நன்றாகப் பிடில் வாசிப்பவர். நாம் வயலின் என்று சொல்லும் அதே வாத்தியம்தான் பிடில்.

டாமிக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவர்கள் நிலத்தில் கூலி வேலைக்கு ஒருவர் வந்தார். அவர் பெயர் பாகி காக்கர்ஹாம். அவருக்கு பாஞ்சோ வாசிக்கத் தெரியும். டாமி அவரை விடாமல் கவனித்தான். அவர் விரல் போகும் இடத்தையே பார்த்தான். பிறகு தானும் வாசித்துப் பார்த்தான். வேலைக்கு வந்தவர்தானே என்று நினைக்காமல், தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டான். அவரே டாமியின் முதல் குரு.

பாஞ்சோ எப்படி இருக்கும் தெரியுமா? கஞ்சிராவைப் போல வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதில் நீண்ட கழுத்து ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். மொத்தம் ஐந்து தந்திகள். அவற்றில் ஒன்று மட்டும் குட்டையானது. கழுத்தின் பாதியிலிருந்தே தொடங்கும். இந்த வாத்தியத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டித் தங்கள் நாட்டு வாத்தியங்களைப் போலச் செய்து வாசித்தார்கள். அவர்களிடமிருந்துதான் அமெரிக்காவின் மற்ற மக்கள் பாஞ்சோவைக் கற்றார்கள்.

டாமி கற்ற முறைக்கு 'கிளாஹாமர்' என்று பெயர். ஆணி பிடுங்கும் சுத்தியலின் பின்பக்கம் வளைந்திருக்கும் அல்லவா? வலது கையை அதுபோல வளைத்து வைத்துக்கொள்ள வேண்டும். தந்தியை விரலால் மேல் நோக்கிச் சுண்டக்கூடாது. விரலின் நகத்தால் கீழ் நோக்கித் தட்ட வேண்டும். உடனே கட்டைவிரல் குட்டைத் தந்தியில் இறங்கி ஒலி எழுப்பும். இப்படி மாறி மாறிச் செய்யும்போது குதிரை நடப்பதுபோல ஒரு தாளம் பிறக்கும். கேட்பவரின் கால் சும்மா இருக்காது!

கிதாரின் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவை காட்டிவிடும். ரவுண்ட் பீக் பகுதியில் பழைய பாஞ்சோக்கள் பலவற்றில் அந்தக் கம்பிகள் கிடையாது. காதுதான் சரியான இடத்தைச் சொல்ல வேண்டும். எழுதி வைத்த இசைக் குறிப்பும் இல்லை. ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வதே பாடம்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் டாமி பிடிலையும் கையில் எடுத்தார். தந்தையைப் பார்த்து வாசித்தார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாழ்ந்த கிழவர்களைத் தேடிப் போய் அவர்களிடமும் பழைய மெட்டுகளைக் கேட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தார் கூடி ஒருவருக்கொருவர் வயல் வேலை செய்து முடிப்பார்கள். இரவில் வீட்டு அறையிலிருந்த மேசை, நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நடனம் ஆடுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் தினம் ஒரு வீடாகப் பல நாட்கள் ஆட்டம் நடக்கும். அங்கெல்லாம் ஒரு பிடில், ஒரு பாஞ்சோ இருந்தால் போதும்.

பிறகு காலம் மாறியது. 1923இல் டாமிக்கும் நீனா என்பவருக்கும் திருமணம் நடந்தது. 1925 முதல் மாநில நெடுஞ்சாலைத் துறையில் டாமி வேலை பார்த்தார். மண் சாலையைச் சீவிச் சமப்படுத்தும் இயந்திரத்தை ஓட்டுவது அவர் வேலை. 1927இல் அவருடைய தந்தை வெளியூர் சென்று இசைத்தட்டுகளில் வாசித்தார். மகனோ சாலை வேலையிலேயே 41 ஆண்டுகளைக் கழித்தார். வானொலியும் புதிய பாட்டுகளும் வந்தன. வீட்டு நடனங்கள் குறைந்தன. பழைய மெட்டுகளைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. டாமியும் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

1966இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே மனைவி நீனா இறந்துபோனார். வீடு வெறிச்சோடியது. தனிமை அவரை வாட்டியது. அப்போதுதான் மறுபடியும் பிடிலையும் பாஞ்சோவையும் எடுத்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட மெட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எந்த மெட்டை யாரிடம் கற்றார் என்பதும் அவர் நினைவில் இருந்தது.

ஆனால் அவை அவரோடு முடிந்துவிட்டால்? அந்தக் கிழவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அவர்கள் கொடுத்துச் சென்றதெல்லாம் எழுதப்படாமல் டாமியின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

அந்தச் சமயத்தில் பழைய நாட்டுப்புற இசையில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் பலர் அமெரிக்க நகரங்களில் இருந்தார்கள். 1968இல் டாமியும் நண்பர்களும் வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. அதைக் கேட்டவர்கள் மவுண்ட் ஏரி நகரை ஒட்டிய டோஸ்ட் என்ற சிற்றூரில் இருந்த அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். வெளிநாட்டினரும் வந்தார்கள். யார் வந்தாலும் டாமி கதவைத் திறந்தார். தம் கையால் சமைத்துச் சாப்பாடு போட்டார். பல நாட்கள் தங்கவும் இடம் கொடுத்தார். ஒரு காசு கூட வாங்கவில்லை! எதிரே உட்கார வைத்து வாசிப்பார். அவர்கள் பார்த்து, கேட்டு, உடன் வாசிப்பார்கள். சிறுவனாக இருந்தபோது பாகியிடம் தாம் கற்ற அதே முறைதான்.

1982இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு, மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதை முதன்முதலாக வழங்கியது. அதைப் பெற்றவர்களில் டாமியும் ஒருவர். அவரைப் பற்றி லெஸ் பிளாங்க் என்ற இயக்குநர் எடுத்த ஆவணப்படம் 1983இல் வெளிவந்தது. 1985 ஜனவரி 28ஆம் தேதி டாமி காலமானார். அவர் பல்லாண்டு வாசித்த பிடில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

பிடில் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் மெட்டுகள் அங்கே போய் அடங்கிவிடவில்லை. அவரிடம் கற்றவர்கள் பிறகு ஆசிரியர்களானார்கள். ரவுண்ட் பீக் பாணி என்ற பெயரில் அந்த வாசிப்பு இன்று பல நாடுகளில் ஒலிக்கிறது.

குழந்தைகளே! பூட்டி வைத்த பணம் பத்திரமாக இருக்கலாம். பூட்டி வைத்த கலை அழிந்துபோகும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பாட்டோ, கதையோ, கைவேலையோ தெரிந்திருந்தால் இன்றே அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். கற்றதை இன்னொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள்!