கதிரும் உயிரும்

1867இல் வார்சாவில் பிறந்த மேரி கியூரி அம்மையார், 1898இல் கணவர் பியருடன் ரேடியத்தைக் கண்டறிந்தார். ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான கனிமக் கழிவைக் காய்ச்சிய அவர், இருளில் ஒளிரும் குழாய்களை ஆடைப் பையிலேயே வைத்திருந்தார். விரல்கள் வெந்து தடித்தன, கண்புரை படர்ந்தது. இருமுறை நோபல் பரிசும் வந்தது. பழகப் பழக உடல் தாங்கிக்கொள்ளும் என்றே நாமும் எண்ணுவோம். எலும்பு மஜ்ஜை பழகவில்லை. குருதி ஊறுவது குன்றி, 1934 சூலை 4இல் மறைந்தார்.

நம்மை வியக்கவைப்பது பின்னர் நிகழ்ந்தது. 1956இல் அமெரிக்காவின் ஒரிகனில், காமாக் கதிர் பாய்ச்சிய இறைச்சித் தகரத்தில் ஒரு நுண்ணுயிர் பிழைத்திருந்தது. சிதறிய மரபிழைகளை அது சில மணி நேரத்தில் ஒட்டவைத்துக்கொள்கிறது. இத்திறனை அதன் முன்னோர் கதிரிடமன்று, வறட்சியிடம் பெற்றிருக்கலாம் என்பர் அறிஞர். அம்மையாரின் குறிப்பேடுகளோ பாரிசில் ஈயப் பெட்டிகளுள் இன்றும் கதிர்வீசுகின்றன.