வேஷமில்லா விசுவாசி: மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை



ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் சரிதையை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டார்கள். புனிதர்களைப் பற்றி ஞாயிறுதோறும் நம்மிடம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்! ஆகவே, எந்தப் பீடத்திலும் சுரூபம் இல்லாத, மனைவி மக்களோடு வாழ்ந்து, கச்சேரிக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய ஒரு பொதுநிலையினரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் வாழ்ந்த ஊரும் தூரத்தில் இல்லை. குடந்தையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மாயூரம்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சி நீதிமன்றத்தில் சிறிய உத்தியோகத்தில் தொடங்கி, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்பு சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் நீதி வழங்கியதால் ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அக்காலத்தில் அப்படிப்பட்ட பதவியில் அமர்ந்த கத்தோலிக்கருக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. துரைமாரைப் போல் நடை உடை பாவனைகளை மாற்றிக்கொண்டு, சொந்த மக்களிடமிருந்து விலகி நிற்கலாம். அல்லது, கோயிலும் மடமும் மிராசும் கோலோச்சிய காவேரிக் கரையில், தாம் வேதக்காரர் என்பதை வெளியே காட்டாமல் பெரிய மனிதர்களோடு ஒத்துப்போகலாம். வேதநாயகர் இரண்டையும் செய்யவில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்ததால், வழக்காடும் ஏழை எளியவர்களுக்குச் சட்டம் இன்னதென்றே தெரியாதிருந்தது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளை அவர் தமிழாக்கி அச்சிட்டார். ஆங்கிலம் அறிந்ததால் கிடைத்த பதவியில் உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலம் அறியாதவர்களுக்காகச் செய்த வேலை அது.

அவருடைய நட்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர்; நெற்றியில் திருநீறு, நாவில் தேவாரம். வேதநாயகரோ தேவமாதா அந்தாதி பாடிய கத்தோலிக்கர். இவர்கள் இருவரும் உயிர்த் தோழர்கள். சைவத் தலமாகிய சீர்காழியைப் பற்றி மகாவித்துவான் சீகாழிக்கோவை பாடி 1860-இல் அரங்கேற்றியபோது அதற்குத் துணை நின்றவர் அவ்வூர் முன்சீபான நம்மவர். மகாவித்துவானும் வேதநாயகரையே தலைவராக வைத்துக் குளத்துக்கோவை பாடினார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் கொடைக் குணத்தை வேதநாயகர் கவிகளில் புகழ்ந்தார். பிற்காலத்தில் நம் குடந்தைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையர் இந்த நட்பை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். இவர்களில் எவரும் மற்றவரை மகிழ்விப்பதற்காகத் தம் விசுவாசத்தை மறைத்ததாகத் தெரியவில்லை. யார் யார் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தே பழகினார்கள்.

1878-இல் வெளியான சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் நூலில், எல்லா மதத்தாரும் பாடும்படி, கடவுளைப் பொதுப் பெயரால் பாடினார். இதைக் காட்டி, அவர் நம் வேதத்தை மழுங்கடித்துவிட்டார் என்று முகம் சுளிப்பவர்களை நாமே சந்தித்திருக்கிறோம். நம் கருத்து அதுவல்ல. அதே கைதான் பெரியநாயகி அம்மன் பதிகத்தையும் சத்திய வேதக் கீர்த்தனைகளையும் எழுதியது. தஞ்சைப் பெரிய கோயில் அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. வீரமாமுனிவர் காலந்தொட்டு நம் தேவமாதாவையும் தமிழர் அப்பெயரால் அழைக்கிறார்கள். வேதநாயகருக்கு அதில் கூச்சமேதும் இருக்கவில்லை. சபையில் பாடியவரும் கோவிலில் முழங்காலிட்டவரும் ஒரே ஆள்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், பிரசங்கத்துக்கென்றே நாம் ஒரு குரலை வைத்திருந்தோம். இழுத்து, உருட்டி, மேலேற்றிப் பேசுவோம். ஒருநாள் பூசை முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் அருகில் வந்து, சாமி வீட்டுக்கு வந்தால் நன்றாகத்தானே பேசுகிறீர்கள், பீடத்தில் ஏறினால் மட்டும் ஏன் வேறு யாரோ பேசுவது போலிருக்கிறது என்று கேட்டுவிட்டார். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. வேதநாயகரை மறுபடியும் எடுத்துப் படித்தது அதன் பின்னர்தான்.

உடல்நலம் குன்றியதால் 1872-இல் அவர் உத்தியோகத்தை விட்டு விலகினார். மேலதிகாரியோடு மனத்தாங்கல் இருந்ததாகவும் சொல்லுவார்கள். பதவி போனதும் ஆளும் மாறிவிடுகிறாரா என்று பார்க்க, நான்கே ஆண்டுகளில் சோதனை வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாடெங்கும் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். வேதநாயகர் கஞ்சித் தொட்டி வைத்துத் தம் பொருளைச் செலவிட்டார். பஞ்சம் தீர வேண்டி இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். வயிற்றுக்குக் கஞ்சி வார்க்காமல் பாட்டு மட்டும் பாடியிருந்தால் நாம் இந்தப் பக்கங்களை எழுதியிருக்க மாட்டோம். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபக்தர், இந்தக் கத்தோலிக்கரின் கொடையைக் கண்டு மனமுருகி அவர்மீது ஒரு கீர்த்தனை இயற்றினார்.

1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு நாடாளும் பகுதியைப் படித்துப் பாருங்கள். பெண்கல்விக்காக ஓயாமல் எழுதியவர் அவர் என்பது விளங்கும். குறையும் உண்டு. அது வசதியுள்ள குடும்பங்களின் கதை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களின் குரல் அதில் அதிகம் கேட்பதில்லை. நம் பங்கில் பலருடைய பாட்டன் பாட்டிமார் அந்தச் சேற்றில் நின்றவர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1889 ஜூலை 21-ஆம் நாள் வேதநாயகர் மாயூரத்தில் இறைவனடி சேர்ந்தார். வயது 62. அவருடைய கீர்த்தனைகளைக் கர்நாடக இசை மேடைகளில் இன்றும் பாடுகிறார்கள். நம் கோவிலில்தான் பாடக் கேட்டதில்லை. இந்த ஜூபிலிக்காகப் பாடகற் குழுப் பிள்ளைகள் இரண்டு கீர்த்தனைகளைப் பயின்று வருகிறார்கள். திருவிழா மாலை ஆராதனைக்கு முன் பாடுவார்கள். சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள்.