தாத்தா எங்கே பிறந்தார்னு கேட்ட சட்டம்... 7 லட்சம் பேரின் வாக்குரிமைக்காக கட்சியையே உடைத்த தந்தை செல்வா

உங்கள் அப்பா எங்கே பிறந்தார் என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவீர்கள். அதற்குச் சான்றிதழ் கேட்டால்? அடுத்து தாத்தாவின் சான்றிதழையும் கேட்டால்? 1948-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் இதைத்தான் கேட்டார்கள். காட்ட முடியாதவர்கள் குடிமக்கள் இல்லை என்று ஆனது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. இதை எதிர்த்து, சொந்தக் கட்சித் தலைவரையே பகைத்துக்கொண்டு வெளியே வந்தவர்தான் எஸ்.ஜே.வி.செல்வநாயகம். ஈழத் தமிழர்கள் தந்தை செல்வா என்று அழைக்கும் தலைவர்.

யார் இந்த செல்வநாயகம்?

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31-ல் பிறந்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் இல்லை, மலாயாவின் ஈப்போ நகரம். அப்பா வேலுப்பிள்ளை பிழைப்புக்காக அங்கே போனவர். சின்ன வயசிலேயே செல்வநாயகம் குடும்பத்தின் பூர்வீக ஊரான தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். படிப்பெல்லாம் தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் செயின்ட் ஜான்ஸ், கொழும்பு செயின்ட் தாமஸ் கல்லூரிகளில். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக அறிவியல் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் ஆசிரியர், அப்புறம் வழக்கறிஞர்.

வழக்கறிஞர் என்றாலும் மேடையை அதிர வைக்கிற ரகம் கிடையாது. சிவில் வழக்குகள்தான் அவருடைய களம். சொத்துப் பத்திரம், உரிமை ஆவணம் என்று காகிதங்களோடு வாழ்ந்தவர். குரலும் மெல்லியது. பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்து அந்தக் குரலும் தேய்ந்துபோனது. இப்படி ஒருவர் எப்படி மக்கள் தலைவர் ஆனார் என்பதே ஆச்சரியம்தான்.

1944-ல் ஜி.ஜி.பொன்னம்பலம் தொடங்கிய அகில இலங்கை தமிழ் காங்கிரஸில் சேர்ந்தார். 1947 தேர்தலில் காங்கேசன்துறை தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார்.

அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அதே 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் வாக்களித்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் காப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து கங்காணிகள் வழியாகக் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட சிலோன் இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர்கள் அவர்களின் வாக்கில் வென்றார்கள். வேறு பல தொகுதிகளில் அந்த வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. பிரதமர் டி.எஸ்.சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இது தலைவலி.

1948 பிப்ரவரியில் சுதந்திரம். ஆகஸ்ட்டிலேயே குடியுரிமை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. நவம்பர் 15 முதல் சட்டம் அமல்.

சட்டம் சொன்னது இதுதான். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், தாத்தாவைப் பெற்றவரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அம்மா வழி எல்லாம் கணக்கிலேயே வராது.

தோட்டத்து லயத்தில், எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தில், 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஒரு தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? ஒரு விஷயம் கவனிக்கணும். சிங்களக் கிராமத்து விவசாயி பலரிடமும் அந்தக் காகிதம் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சட்டத்தில் இந்தியத் தமிழர் என்ற சொல்லே கிடையாது. நிரூபிக்கச் சொல்லி யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருந்தது.

செல்வநாயகத்தின் சொந்தக் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். அவர் பிறந்ததே வெளிநாட்டில். ஆனாலும் தந்தைவழி முன்னோர் யாழ்ப்பாணத்தார் என்பதால் அவர் குடிமகன். நுவரெலியாவில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, வேறு ஊரே பார்க்காத ஒருவர் அந்நியர்.

கட்சி உடைந்தது எப்படி?

முதல் மசோதாவைத் தமிழ் காங்கிரஸ் மொத்தமாகவே எதிர்த்தது, பொன்னம்பலம் உட்பட. ஆனால் மசோதா நிறைவேறிய கொஞ்ச நாளிலேயே, 1948 செப்டம்பரில், பொன்னம்பலம் சேனநாயக்க அமைச்சரவையில் அமைச்சர் ஆகிவிட்டார். உள்ளே இருந்து சாதிக்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம். செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோர் அதை ஏற்கவில்லை. பதவிக்காக ஒரு மக்கள் கூட்டத்தையே கைவிடுவதா என்பது அவர்களின் கேள்வி. இன்றைக்கு மலையகத் தமிழருக்கு நடப்பது, நாளை மொழிப் பிரச்சினை வரும்போது வடக்கு, கிழக்குத் தமிழருக்கும் நடக்கும் என்று செல்வநாயகம் எச்சரித்தார். எட்டே ஆண்டில், 1956-ல், சிங்களம் மட்டும் சட்டம் வந்தது.

1949-ல் இன்னும் இரண்டு சட்டங்கள். இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்றது ஒன்று. அதற்கும் நிபந்தனை. 1946-க்கு முன்பே திருமணமானவர் 7 ஆண்டு, ஆகாதவர் 10 ஆண்டு தொடர்ச்சியாக இலங்கையில் இருந்திருக்க வேண்டும். வருமானம் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க 2 ஆண்டுதான் அவகாசம். முதலில் புறக்கணித்த தோட்ட மக்கள் கடைசி நேரத்தில் விண்ணப்பித்தார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

இன்னொரு சட்டம் தேர்தல் சட்டத் திருத்தம். குடிமகன் அல்லாதவருக்கு வாக்கு இல்லை. 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்கள் ஆனார்கள். இதில் கொடுமை என்னவென்றால், தொகுதி எண்ணிக்கையை முடிவு செய்ய மக்கள்தொகை எண்ணும்போது இவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். தலைக்கணக்குக்கு வேணும், வாக்குக்கு வேண்டாம். மலையகத்தில் மிச்சமிருந்த வாக்காளர்களின் ஒவ்வொரு வாக்குக்கும் இதனால் எடை கூடியது.

1949 டிசம்பர் 18-ல் செல்வநாயகம் தலைமையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி உருவானது.

தோற்ற தலைவர்

1952 தேர்தலில் மலையகத் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர்கூட வெல்லவில்லை. வாக்காளர்களே இல்லையே! செல்வநாயகமும் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனிடம் தோற்றார். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது 2 இடம். யாழ்ப்பாண வாக்காளர்களுக்கு அப்போது மலையகம் தூரத்து விஷயமாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நீதிமன்றமும் கைவிட்டது. சிறுபான்மைச் சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் போடக்கூடாது என்று அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு சொன்னது. அதைக் காட்டித் தொடர்ந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953-ல் தள்ளுபடி. தன் குடிமக்கள் யார் என்று நாடாளுமன்றம் முடிவு செய்யலாம் என்றார்கள்.

1956-ல் காற்று திரும்பியது. தமிழரசுக் கட்சி 10 இடங்களில் வென்றது. அந்த ஆண்டு திருகோணமலை மாநாட்டில் வைத்த கோரிக்கைகளில் குடியுரிமைச் சட்டங்களை நீக்குவதும் ஒன்று. 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கவோடு ஒப்பந்தம் போட்டார் செல்வநாயகம். அதில் மலையக மக்களின் குடியுரிமைக்குக் கிடைத்தது பரிசீலிக்கிறோம் என்ற வாக்குறுதி மட்டுமே. ஒப்பந்தமும் 1958-ல் கிழிந்தது. 1965-ல் டட்லி சேனநாயக்கவோடு போட்ட ஒப்பந்தமும் நிறைவேறவில்லை.

நடுவில், 1964 அக்டோபர் 30-ல், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறிய குடும்பங்கள்தான் இன்று கூடலூர், கோத்தகிரி பக்கம் இருக்கும் தாயகம் திரும்பியோர். இங்கே வந்தபிறகு இவர்களைச் சிலோன்காரர் என்றார்கள்.

கடைசிக் காலம்

1972-ல் தமிழர் கூட்டணி உருவானபோது செல்வநாயகம், தொண்டமான், 24 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பொன்னம்பலம் மூவரும் ஒரே மேடையில் தலைவர்கள். அதே ஆண்டு புதிய அரசியலமைப்பை எதிர்த்து செல்வநாயகம் எம்.பி. பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசு இழுத்தடித்து 1975-ல்தான் நடத்தியது. பெரிய வித்தியாசத்தில் வென்றார். 1976 மே 14-ல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம். மலையகத்துக்கு அது பொருந்தாது என்று தொண்டமான் விலகி நின்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வடகிழக்கில் நாடு கேட்டால் நடு மலையில் இருப்பவன் என்ன செய்வான்?

1977 ஏப்ரல் 26-ல் செல்வநாயகம் காலமானார். மூன்றே மாதத்தில் நடந்த பொதுத்தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியிலிருந்து தொண்டமான் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947-க்குப் பிறகு மக்கள் வாக்கில் அவர் நாடாளுமன்றம் போனது 30 ஆண்டு கழித்து அப்போதுதான்.

நாடற்றவர் என்ற பட்டம் முழுசாக நீங்க 1988-லும் 2003-லும் சட்டங்கள் தேவைப்பட்டன. 2003 சட்டம் தாத்தாவைப் பற்றிக் கேட்கவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும், அவர்களின் வாரிசுகளும் குடிமக்கள் என்றது.