எல்லோரையும் திருப்பி அழைத்து வந்தவர்: அல்மோராவின் மாவட்ட அதிகாரி ஹியூ ரட்லெட்ஜ்

எவரெஸ்ட் என்றதும் 1953ஆம் ஆண்டும், எட்மண்ட் ஹிலாரி, டென்சிங் நோர்கே ஆகிய இரு பெயர்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த வெற்றிக்கு முன்னர், 1921 முதல் 1938 வரை, ஏழு பிரித்தானியக் குழுக்கள் திபெத் வழியாக அந்த மலைக்குச் சென்று உச்சியை எட்டாமல் திரும்பின. அவற்றில் இரண்டுக்குத் தலைமை தாங்கியவர் இராணுவ அதிகாரி அல்லர். பேர்பெற்ற மலையேறியும் அல்லர். இந்தியாவில் மாவட்ட நிர்வாகியாக இருந்து ஓய்வுபெற்றவர். குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பும் இடுப்பும் பாதிக்கப்பட்டவர். அவர் பெயர் ஹியூ ரட்லெட்ஜ்.

ரட்லெட்ஜ் எவரெஸ்ட் உச்சியைத் தொடவில்லை. அவர் மேலே அனுப்பியவர்களும் தொடவில்லை. ஆனால் 1933இலும் 1936இலும் அவரோடு சென்றவர்களில் ஒருவர்கூட அந்த மலையில் உயிரிழக்கவில்லை. அக்காலத்து இமயமலைப் பயணங்களின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

சமவெளியிலிருந்து மலைநாட்டுக்கு

1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி பிறந்த ரட்லெட்ஜின் தந்தை, இந்திய மருத்துவ சேவையில் அதிகாரியாக இருந்தவர். கேம்பிரிட்ஜ் பெம்புரோக் கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியம் படித்த மகன், 1908இல் இந்திய சிவில் சேவைப் பரீட்சையில் தேறி, அடுத்த ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தார். ரூர்க்கி, சீதாபூர், ஆக்ரா எனச் சமவெளி நகரங்களில் பணி. போலோவும் வேட்டையும் அக்கால அதிகாரிகளின் பொழுதுபோக்குகள், அவருக்கும் அப்படித்தான். 1915இல் ஆக்ராவில் டொரதி எல்டர் என்பவரை மணம் செய்தார். அதே ஆண்டு, குதிரையில் சென்று ஈட்டியால் காட்டுப்பன்றி வேட்டையாடும்போது கீழே விழுந்தார். அந்தக் காயம் வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது.

1917இல் லக்னோவில் நகர நீதவானாகவும், 1921இல் அங்கேயே துணை ஆணையராகவும் ஆனார். 1925இல் அதே பதவியில் அல்மோராவுக்கு மாற்றப்பட்டார். துணை ஆணையர் என்பது நம் நாட்டு அரசாங்க அதிபர் பதவியை ஒத்தது. காணி, வரி, வழக்கு, வனம், பஞ்சம் எல்லாம் அவருடைய கச்சேரிக்குத்தான் வரும்.

அல்மோரா மாவட்டத்தின் ஒரு பக்கம் நேபாளம், மறுபக்கம் திபெத். வண்டிப் பாதைகள் முடியும் இடத்திலிருந்து நடந்துதான் கிராமங்களுக்குப் போகவேண்டும். எல்லைப்புறப் போட்டியா மக்கள் கோடைகாலத்தில் தானியத்தைச் சுமந்துகொண்டு உயர்ந்த கணவாய்களைக் கடந்து, திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் வெங்காரமும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிணக்குகளைக் கேட்கப் போகும் அதிகாரி மலை ஏறாமல் வேலை செய்ய முடியாது. மற்ற மாவட்டங்களில் வேலைக்கும் மலைக்கும் இடையே இழுபறி இருந்திருக்கும். இங்கே இரண்டுக்கும் ஒரே பாதைதான்.

அவர் பதவியேற்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், அந்த மாவட்டத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. அதிகாரிகள் பயணம் போகும்போது கிராம மக்கள் கூலியின்றியோ அற்பக் கூலிக்கோ சுமை தூக்கவேண்டும் என்ற கட்டாய முறை குமாவோன் பகுதியில் நெடுங்காலம் இருந்தது. இலங்கையில் இருந்த இராஜகாரியத்தை ஒத்தது அது. 1921 ஜனவரியில் பாகேஷ்வர் திருவிழாவில் திரண்ட மக்கள், பத்ரி தத் பாண்டே முதலான தலைவர்களின் முன்னிலையில், கூலிப் பெயர்ப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி அந்த முறைக்கு முடிவு கட்டினார்கள். ஆகவே ரட்லெட்ஜ் ஆளவந்தது, சுமை தூக்க மறுத்து வென்ற ஒரு மக்களை. அவர் பேரரசின் அதிகாரி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மண்ணில் இனி ஒருவரை அழைத்துச் செல்வதென்றால் இணங்க வைத்துத்தான் அழைத்துச் செல்லவேண்டும்.

நந்தாதேவியும் கயிலையும்

அன்றைய பிரித்தானியப் பேரரசின் மிக உயர்ந்த சிகரம் நந்தாதேவி. உயரம் 7,816 மீற்றர். அதைச் சுற்றி மலைகள் மதில்போல நிற்கின்றன. அந்த மதிலுக்குள் நுழைய ஒரு வழி தேடுவதே ரட்லெட்ஜின் ஆசையாயிற்று. ஒருமுறை அவரோடும் டொரதியோடும் சென்றவர்களில் ஒருவர் வைத்தியர் ஹோவர்ட் சோமர்வெல். இவர் தமிழர்களுக்குத் தூரமானவர் அல்லர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஏழு சுமைதூக்குவோர் பனிச்சரிவில் இறந்தபோது அதே சரிவில் இருந்து உயிர் தப்பியவர். இறந்தவர்களில் வெள்ளையர் ஒருவரும் இல்லையே என்ற குற்ற உணர்வு அவரை விட்டு நீங்கவில்லை.

1926 ஜூலையில் ரட்லெட்ஜ் அரச வேலையாக மேற்குத் திபெத்துக்குச் சென்றார். சந்திக்கவேண்டிய திபெத்திய உயர் அதிகாரி ஊரில் இல்லை. கிடைத்த நாட்களில் கணவனும் மனைவியுமாகக் கயிலை மலையை வலம் வந்தார்கள். சுமார் 52 கிலோமீற்றர் நடை. அந்த வலத்தை முடித்த முதல் மேற்கத்தியப் பெண்ணாக டொரதி அறியப்படுகிறார். மலையின் வடமுகத்தைப் பார்த்த ரட்லெட்ஜ், அதில் ஏற முடியாது என்று மதிப்பிட்டார். திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தைத் தட்சிண கைலாயம் என்று போற்றும் நம் மக்களுக்கு, அந்த உச்சியில் இன்றுவரை எவரும் கால் வைக்கவில்லை என்பது நிறைவு தரும் செய்திதான்.

1929இல் காலத்துக்கு முன்பே ஓய்வுபெற்றார். 1932இல் நந்தாதேவிக்கு மீண்டும் வந்து, தெற்கு மதிலின் தொங்கு பனிப்பாறைகளைப் பார்த்துத் திரும்பினார். அந்த மதிலுக்குள் 1934இல் நுழைந்தவர்கள் எரிக் ஷிப்டனும் டில்மனும்.

கச்சேரி அனுபவம் எவரெஸ்ட்டில்

1933 எவரெஸ்ட் பயணத்துக்கு அவரைத் தலைவராக்கியபோது வயது 48. தெரிவானதற்குக் காரணம் மலையேறும் திறமை அல்ல. மலைநாட்டு மக்களோடு பழகி, பேசி, பொருட்களையும் ஆட்களையும் மாதக்கணக்கில் நடத்திச் செல்லத் தெரிந்தவர் என்பதுதான்.

மே 29ஆம் திகதி 8,350 மீற்றர் உயரத்தில் ஆறாவது முகாம் அமைக்கப்பட்டது. அவ்வளவு உயரத்துக்குச் சுமை கொண்டுபோன எட்டு ஷெர்பாக்களையும் கீழே இறக்கும் பொறுப்பு ஜாக் லாங்லண்ட் என்ற இளைஞருடையது. இறங்கும் வழியில் பனிப்புயல் சூழ்ந்தது. சில அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. 1924இல் கைவிடப்பட்ட கூடாரத்தின் எச்சத்தைக் கண்டு வழியை உறுதி செய்துகொண்டு, எட்டுப் பேரையும் ஒருவர் குறையாமல் அடுத்த முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மறுநாள் வின் ஹாரிசும் வேகரும், பின்னர் ஜூன் 1ஆம் திகதி தனியாக பிராங்க் ஸ்மைத்தும், சுமார் 8,570 மீற்றர் வரை ஏறினார்கள். உச்சிக்கு இன்னும் 280 மீற்றர் அளவுதான். மூவரும் திரும்பினார்கள். பருவமழை நெருங்கியபோது ரட்லெட்ஜ் குழுவை மீட்டுக்கொண்டார்.

1936இல் நிலைமை இன்னும் மோசம். பருவமழை முந்திக்கொண்டது. வடக்குக் கணவாயான சுமார் 7,000 மீற்றருக்கு மேல் போகவே முடியவில்லை. அதன் சரிவில் ஷிப்டனும் வின் ஹாரிசும் பனிச்சரிவில் அகப்பட்டு மயிரிழையில் தப்பினார்கள். பெருஞ்செலவில் வந்த பயணம் அத்தோடு முடிந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லோருடைய கருத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும் தலைவர், உறுதியாக முடிவெடுக்கத் தயங்குபவர் என்று அவருடைய குழுவிலேயே பேச்சு இருந்தது. 1933 மே மாதத்தில் மேல்முகாம் அமைப்பது பற்றிய தகராறில் நல்ல நாட்கள் வீணாயின. பெரிய பட்டாளமாகப் போகாமல் சிறு குழுவாகப் போகவேண்டும் என்று ஷிப்டன் போன்றவர்கள் வாதிட்டார்கள். 1936க்குப் பிறகு அவர் எவரெஸ்ட்டுக்குத் தலைமை தாங்கவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் நங்கபர்பத் மலையில் நடந்ததையும் பார்க்கவேண்டும். 1934இல் புயலில் சிக்கி மூன்று ஜெர்மானியரும் ஆறு ஷெர்பாக்களும் இறந்தார்கள். 1937இல் ஒரே இரவில் பனிச்சரிவு பதினாறு பேரைப் புதைத்தது. ஒன்பது பேர் ஷெர்பாக்கள். முன்னேறுவதை மட்டுமே தலைமை என்று எண்ணிய காலம் அது. இடம்பெயர்ந்து போனவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கோடு வாழும் வீரமுனை போன்ற ஊர்களின் மக்களுக்கு, பின்வாங்கும் முடிவை எடுத்த ஒரு தலைவரை எப்படி எடைபோடுவது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

திரும்பி வந்தவர்கள்

ரட்லெட்ஜ் ஸ்கொட்லாந்தின் கொமெட்ரா தீவை வாங்கி வாழ்ந்தார்; பின்னர் படகோட்டத்தில் நாட்டம் கொண்டார். 1961ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி, இங்கிலாந்தின் பிளிமத் நகரில் காலமானார். அவர் எழுதிய இரு எவரெஸ்ட் நூல்களும் இன்றும் மலையேறுவோரால் படிக்கப்படுகின்றன.

அவரோடு திரும்பியவர்கள் வேறு வேறு வேலைகளுக்குப் போனார்கள். வின் ஹாரிஸ் காம்பியாவின் ஆளுநரானார். லாங்லண்ட் உள்ளூராட்சிக் கல்வி நிர்வாகத்துக்குப் போய், 1949 முதல் 1970 வரை டெர்பிஷயர் மாவட்டத்தின் கல்விப் பணிப்பாளராக இருந்தார். மாணவர்கள் மலையேற்றம் பழகுவதற்கென்று மாவட்ட நிதியிலேயே வைற் ஹோல் என்ற நிலையத்தை உருவாக்கினார். உள்ளூராட்சி மன்றம் ஒன்று நடத்திய இத்தகைய நிலையங்களில் பிரித்தானியாவில் அதுவே முதலாவது.

1936இல் வடக்குக் கணவாயிலிருந்து வெறுங்கையோடு இறங்கிய சுமைதூக்குவோரில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவரும் இருந்தார். அவருக்கு அது இரண்டாவது எவரெஸ்ட் பயணம். பெயர் டென்சிங் நோர்கே. பதினேழு ஆண்டுகள் கழித்து உச்சியில் நின்ற இருவரில் அவர் ஒருவர்.