ஸ்டார் ட்ரெக் விண்கலத்தை வரைந்த விமானி: யார் இந்த மேட் ஜெஃப்ரிஸ்?

2016 ஜூலை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய வான் மற்றும் விண்வெளி அருங்காட்சியகத்தின் முதன்மை அரங்கில் ஒரு புதிய கண்ணாடிப் பெட்டி வைக்கப்பட்டது. அட்லாண்டிக் கடலைத் தனி ஆளாகக் கடந்த லிண்ட்பெர்க்கின் விமானம் இருந்த அரங்கு அது. அப்போலோ திட்டத்துக்காகச் செய்யப்பட்ட லூனார் மாட்யூல் ஒன்றும் அங்கேதான் இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒருநாளும் பறக்காத கலம். மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்த, 11 அடி நீள எண்டர்பிரைஸ் மாடல். ஸ்டார் ட்ரெக் தொடரில் உலகமே பார்த்த அதே விண்கலம்.

டிவிக்காகச் செய்த ஒரு மாடலுக்கு நிஜ விமானங்களின் பக்கத்தில் எப்படி இடம் கிடைத்தது? அதற்கு அதை வரைந்தவரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விமானத்தில் இருந்து சினிமாவுக்கு

வால்டர் மேத்யூ ஜெஃப்ரிஸ் 1921 ஆகஸ்ட் 12-ம் தேதி பென்சில்வேனியாவின் லெபனான் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் பி-17 போன்ற குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். போருக்குப் பிறகு ஹாலிவுட்டில் கலை இயக்கம், செட் வடிவமைப்பு வேலைக்கு வந்தார். ஆனாலும் விமான ஆசை விடவில்லை. பழைய வாக்கோ விமானம் ஒன்றைச் சொந்தமாகவே வைத்திருந்தார்.

1964-ல் ஜீன் ராடன்பெரி ஒரு விண்வெளித் தொடருக்கான வேலையைத் தொடங்கினார். அதற்கு விண்கலத்தை வரையும் பொறுப்பு ஜெஃப்ரிஸிடம் வந்தது.

எது வேண்டாம் என்பது மட்டும்தான் தெரியும்

ராடன்பெரி தந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை 'இது கூடாது' ரகம். இறக்கை கூடாது. ராக்கெட் போல இருக்கக் கூடாது. பின்னால் நெருப்பும் புகையும் வரக் கூடாது. ஆனால் பார்த்தவுடனே மகா சக்தி கொண்ட கலம் என்று தெரிய வேண்டும்.

ஜெஃப்ரிஸ் முதலில் செய்தது, அதுவரை வந்த விண்கலப் படங்களைச் சேகரித்துச் சுவரில் ஒட்டியதுதான். காப்பி அடிக்க இல்லை. இதில் எதைப் போலவும் வரக் கூடாது என்று தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ள!

அதன் பிறகு அவர் யோசித்தது ஒரு விமானியாக. அவ்வளவு சக்தி வாய்ந்த இன்ஜின் என்றால் அது ஆபத்தானதாகவும் இருக்கும். அப்படின்னா ஆட்கள் இருக்கும் இடத்தில் இருந்து அதைத் தள்ளி வைக்க வேண்டும். பழுதானால் தனியாகக் கழற்றி மாட்டவும் முடிய வேண்டும். எண்டர்பிரைஸின் இரண்டு நீள உருளைகளும் உடலை விட்டுத் தள்ளி, தனித் தூண்களின் மேல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கலத்தின் வெளிப்புறம் ஏன் வழவழப்பாக இருக்கிறது? வெளியே கருவிகளை வைத்தால், பழுது பார்க்க யாராவது விண்வெளிக்குள் இறங்க வேண்டும். அது உயிருக்கு ஆபத்து. அதனால் எல்லாவற்றையும் உள்ளே வைத்தார். ஆட்கள் இருக்கும் பகுதியை முதலில் உருண்டையாக வரைந்தார். வேகத்துக்கு அது பொருந்தாது என்று தட்டையாக்கினார். அதுதான் பிரபலமான அந்தத் 'தட்டு'.

பெயருக்குக் கீழே உள்ள என்சிசி-1701 என்ற எண்ணும் விமானப் பழக்கம்தான். ஒரு காலத்தில் அமெரிக்கச் சிவில் விமானங்களின் பதிவெண் என்சி என்று தொடங்கும். அதோடு இன்னொரு சி சேர்த்தார். 3, 6, 8, 9 போன்ற எண்களைத் தவிர்த்தார். ஏன்னா தூரத்தில் இருந்து பார்த்தால் அவை ஒன்று போலவே தெரியும்.

தலைகீழாகத் தொங்கிய கலம்

தன் யோசனையைக் காட்ட லேசான பால்சா மரத்தில் ஒரு சின்ன மாடலைச் செய்து நூலில் கட்டினார் ஜெஃப்ரிஸ். இன்ஜின் உருளைகள் மட்டும் கனமான மரக்குச்சிகள். ராடன்பெரி நூலைப் பிடித்துத் தூக்கியதும் கலம் குப்புறக் கவிழ்ந்தது. அவருக்கோ அந்தத் தலைகீழ் வடிவம்தான் பிடித்துவிட்டது! நேராக இருப்பதுதான் சரி என்று புரிய வைக்க ஜெஃப்ரிஸ் பாடுபட வேண்டியிருந்தது.

மரத்தில் உருவான 11 அடி

வரைபடம் முடிந்ததும் மாடல் வேலை ரிச்சர்ட் டேட்டின் என்ற கைவினைஞரிடம் போனது. முதலில் 33 அங்குலத்தில் ஒன்று தயாரானது. ஒப்புதல் கிடைத்ததும், கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் உள்ள ஒரு பட்டறையில் பெரிய மாடல் உருவானது.

கடையில் வாங்கி ஒட்டும் கிட் அல்ல இது. பாப்ளர் மரத்தை இழைத்து, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சில் படியவைத்து, உலோகத் தகடுகளை உருட்டி, எல்லாவற்றையும் அடியில் இருந்து கையாலேயே செய்தார்கள். எடை சுமார் 90 கிலோ. 1964 டிசம்பர் கடைசியில் வேலை முடிந்தது.

பிறகு உள்ளே விளக்குகள் பொருத்தினார்கள். அதற்கான ஒயர்கள் இடப்பக்கமாக நுழைந்தன. அதனால் கேமரா எப்போதும் வலப்பக்கத்தையே பார்த்தது. மாடல் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும், கேமராதான் நகரும். திரையில் நாம் பார்ப்பது கலம் பறப்பது போல. அவ்வளவுதான் தந்திரம்!

கைவிடப்பட்ட காலம்

1966 செப்டம்பர் 8-ல் தொடர் ஒளிபரப்பானது. 79 பகுதிகளோடு 1969-ல் நின்றது. ஜெஃப்ரிஸ் வேறு வேலைகளுக்குப் போனார். லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி என்ற குடும்பத் தொடருக்குக் கலை இயக்குநர் ஆனார். மறுஒளிபரப்பில் ஸ்டார் ட்ரெக்குக்கு ரசிகர் கூட்டம் பெருகியது. 1976-ல் நாசாவின் முதல் சோதனை விண்வெளி ஓடத்துக்கே எண்டர்பிரைஸ் என்று பெயர் வைக்கும்படி கடிதம் எழுதிச் சாதித்தார்கள்.

மாடல் 1974-ல் அருங்காட்சியகத்துக்குத் தானமாக வந்தது. ஆனால் படப்பிடிப்புக்காக அவசரமாகச் செய்த பொருள் அது. பல ஆண்டுகள் தாங்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை. பலமுறை பழுது பார்த்தார்கள், பெயின்ட் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய தோற்றம் கொஞ்சம் மாறியது. 2000-ல் இருந்து அது நின்றது நினைவுப் பொருட்கள் விற்கும் கடையில்!

2003 ஜூலை 21-ம் தேதி ஜெஃப்ரிஸ் காலமானார். அப்போதும் அவருடைய கலம் கடையில்தான் இருந்தது.

மறுபடி கிடைத்த மரியாதை

2014-ல் அருங்காட்சியகம் அதை இறக்கி முழுமையாக ஆராய்ந்தது. எக்ஸ்ரே எடுத்து உள்கட்டமைப்பைப் பார்த்தார்கள். பழைய புகைப்படங்கள் இருந்தால் தாருங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டார்கள். 1967 ஆகஸ்டில் இருந்த தோற்றம்தான் இலக்கு. பழைய பல்புகளுக்குப் பதில் எல்இடி வந்தது. ஆனால் தட்டின் மேல்பகுதியில் மட்டும் கை வைக்கவில்லை. ஏன்னா அங்கே 1960-களின் அசல் பெயின்ட் அப்படியே தப்பியிருந்தது.

தொடரில் பழுது பார்ப்பவர்கள் ஊர்ந்து போகும் குறுகிய சுரங்கப் பாதை ஒன்று உண்டு. அதன் பெயர் ஜெஃப்ரிஸ் ட்யூப். ஒரு இயந்திரம் கெட்டுப்போனால் அதை யார், எப்படிச் சரிசெய்வார் என்று யோசித்தே கலம் வரைந்தவருக்கு, இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறென்ன இருக்க முடியும்?