மூன்று வெற்றறைகள் விட்டுச் சென்ற மன்னன்



செஞ்சியில் குடியிருக்கும் நமக்குச் சரித்திரம் என்றதும் ராஜகிரிக் கோட்டையும் தேசிங்கு ராஜனுமே நினைவுக்கு வருகின்றன. தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட ஒருவன் நம் அண்டையிலேயே தன் வேலையை விட்டுப் போயிருக்கிறான். விழுப்புரம் சாலையில் சென்று மண்டகப்பட்டுக்குத் திரும்புங்கள். சிறு குன்று ஒன்றின் முகத்தைக் குடைந்து ஒரு மண்டபம். முன்னே பருத்த தூண்கள். இரு ஓரங்களிலும் கதை ஊன்றிய வாயிற்காவலர். உள்ளே மூன்று அறைகள். மூன்றும் காலி.

இதைச் செய்வித்தவன் முதலாம் மகேந்திரவர்மன். சிம்மவிஷ்ணுவின் மகன், கி.பி. 600 முதல் 630 வரை, ஏறக்குறைய, காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, பிரமன், சிவன், திருமால் மூவருக்குமான இக்கோயில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அமைந்தது என்று சொல்லி, விசித்திரசித்தன் என்ற அவனது பட்டப்பெயரையும் தருகிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்நாளில் நம் நாட்டில் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்தன. மழையும் கறையானும் அவற்றைத் தின்றுவிட்டன. கல்லோ இறந்தோருக்கு நடப்பட்டது. அதனாலேயே கோயிலுக்கு அதை விலக்கினர் என்று கருதும் அறிஞருமுண்டு. பகைவரான சளுக்கியர் தங்கள் வாதாபியில் 578-லேயே குகைக்கோயில் குடைந்திருந்தார்கள். ஆனால் அது மணற்பாறை. நம் பக்கத்துப் பாறை எவ்வளவு கடினமென்பது கல் உடைக்கும் குடும்பங்களுக்குத் தெரியும். செங்கல் சரியில்லாவிட்டால் வேறொன்று வைக்கலாம். குடையும் தூணில் ஓர் உளி தவறினால் என்ன செய்வது? அந்தத் துணிச்சலைத்தான் நான் வியக்கிறேன்.

போரில் அவன் பாக்கியசாலியல்லன். இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு கூறும். புள்ளலூரில் அவனே பகைவரை முறியடித்தான் என்று பல்லவர் செப்பேடு கூறும். அவரவர் எழுத்தில் அவரவர்க்கே வெற்றி! வடபகுதி நாடு கைவிட்டுப் போயிற்று என்பது மட்டும் உறுதி. அவன் மகன் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபியைப் பிடித்துக் கணக்கைத் தீர்த்தான்; தகப்பன் அதைக் காண இருக்கவில்லை.

முதலில் ஜைனனாயிருந்து, திருநாவுக்கரசரைத் துன்புறுத்திப் பின் மனம் மாறிச் சைவனானான் என்பது பெரியபுராணத்தை ஒட்டி வழங்கும் வரலாறு. திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டும் அவன் பழைய வழியைவிட்டுத் திரும்பியதைக் குறிப்பாகச் சொல்கிறது. மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகமும் அவன் எழுதியதே. குடிவெறியில் தன் கபாலத்தைத் தொலைத்த துறவி, பௌத்தத் துறவியைத் திருடனென்று பிடித்துக்கொள்கிறான். கடைசியில் பார்த்தால் தூக்கிப் போனது ஒரு நாய். துறவிகளின் வேஷத்தை அரசன் இப்படிச் சிரித்துக் காட்டியிருப்பதைப் படிக்கையில், அங்கி தரித்த எனக்கும் சற்றுக் கூச்சமாகத்தானிருக்கிறது.

மண்டகப்பட்டோடு திரும்பிவிடாதீர்கள். அருகே தளவானூரில் அவனுடைய மற்றொரு குகை உண்டு. சத்துருமல்லன் என்ற தன் பட்டத்தையே அதற்கு இட்டான். நம் ஊருக்கு வடக்கே சிங்கவரம் குன்றில், பாறையிலேயே வடித்த பள்ளிகொண்ட பெருமாள் பல்லவர் பாணியைச் சேர்ந்தவர். அது இன்றும் வழிபாடு நடக்கும் இடம். செருப்பைக் கழற்றி, அவர்கள் முறைப்படி நடந்துகொள்ளுங்கள்.

மண்டகப்பட்டு தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. வெயிலுக்குமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது. பிள்ளைகளுக்குக் குடிநீரும் கட்டுச்சோறும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் கிறுக்குகிற கரித்துண்டும் ஆணியும் வீட்டிலேயே இருக்கட்டும்.